சின்னப்பன் கொட்டாயில் பூண்டு வாசம்

கடத்தூர் பஸ்ஸை விட்டு இறங்கி மண்பாதையில் திரும்பியதும் இசபெல்லா அந்த ஆடுகளைப் பார்த்தாள். உச்சிவெயில் நேரம். பாதையோரப் புறம்போக்கில் ஏழெட்டு வெள்ளாடுகள் முன்னங்கால்களை மடக்கி, முட்டியைத் தரையில் ஊன்றி, நகர்ந்து நகர்ந்து மேய்ந்துகொண்டிருந்தன. வேளாங்கண்ணியில் நேர்த்திக்கடனுக்காக மணலில் முட்டிபோட்டுப் போகிறவர்களைப் போல இருந்தது. ஒன்றுகூடக் கத்தவில்லை. புல்லைக் கடித்து இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

கிட்டே போனாள். ஒரு கிடாயின் முன்னங்காலில் குளம்பு இருக்க வேண்டிய இடத்தில் சிவந்த சதை தெரிந்தது. அவள் செருப்பில் ஏதோ இடறியது. குனிந்து எடுத்தாள். உள்ளே ஒன்றுமில்லாத வெறும் கூடாக ஓர் ஆட்டுக் குளம்பு. யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போனதுபோல் அவ்வளவு சுத்தமாக இருந்தது. அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

அண்ணன் சவரி போனில் சொன்னது உண்மைதான்.

"பாப்பா, ஒரு நாளைக்கு வந்துட்டுப் போ. ஆட்டுக்குக் குளம்பு கழண்டு வுழுது. மனுசங்களுக்கும் என்னமோ ஆவுது. போன்ல சொன்னா நீ சிரிப்ப" என்றிருந்தான்.

இசபெல்லா சிரிக்கக்கூடிய ஆள்தான். தர்மபுரி சேலம் ரோட்டில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் பதினைந்து வருஷத்துக்கு மேலாக வேலை செய்கிறாள். கல்லுடைக்கிற அப்பாவுக்குப் பிறந்து, கான்வென்ட் சிஸ்டர்கள் கைதூக்கிவிட, கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்சி. முடித்தவள். அவளுடைய வேலை பெரும்பாலும் சாம்பலோடுதான். மின்சாரத்துக்கு எரித்த நிலக்கரியின் சாம்பல் லாரி லாரியாகச் செங்கல் சூளைக்காரர்களுக்கும் ரோடு போடுகிறவர்களுக்கும் வருமல்லவா, அதில் ஒரு டப்பா இவள் மேசைக்கும் வரும். கரி எரிந்து போனாலும், மண்ணுக்கடியில் கோடி வருஷமாக அதற்குள் ஒளிந்துகிடந்த ஆர்செனிக், ஈயம், குரோமியம் எல்லாம் சாம்பலில் தங்கிவிடும். ஒரு மூட்டையில் ஒரு சிட்டிகைகூட இருக்காது. அந்தச் சிட்டிகையைக் கண்டுபிடித்து எவ்வளவு என்று சொல்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

கணவர் விக்டர் ஓசூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். சனிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கட்கிழமை விடிந்ததும் கிளம்பிவிடுவார். மகள் மோனிஷா திருச்சியில் ஹாஸ்டல். ஆகவே வாரத்தில் பாதி நாளுக்கு மேல் இசபெல்லா தனியாள். தனியாக இருக்கிறாளே என்று சவரி தினமும் பால்வண்டிக்காரரிடம் ஒரு தூக்குப் பாலும், அடிக்கடி வாழைநாரில் கட்டிய கீரையும் கொடுத்தனுப்புவான். தங்கச்சி கடைப் பாலைக் குடிக்கக் கூடாது என்பது அவனுடைய பிடிவாதம்.

கொட்டாய் என்றால் அந்தப் பக்கத்தில் நிலத்துக்கு நடுவே நாலு குடும்பம் வீடு கட்டிச் சேர்ந்து இருக்கும் சிற்றூர். சின்னப்பன் கொட்டாய் அப்படிப்பட்டது. வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கொஞ்சம், விவசாயக் கவுண்டர் குடும்பங்கள் கொஞ்சம். மேற்கே கல்லுக்குழி. இசபெல்லாவின் அப்பா வேலை செய்த கருங்கல் குவாரி. கல் தீர்ந்து, அவர்கள் விட்டுப்போய், மழைத்தண்ணீர் நின்று, பிள்ளைகள் நீச்சலடித்த இடம். இரண்டு கோடைக்கு முன்னால் ஒரு காண்ட்ராக்டர் வந்து, குழி ஆபத்து, மூடித் தருகிறேன் என்றார். சாம்பல் லாரிகள் வந்தன. குழி நிறைந்தது. அதன் ஓரத்தில் இருந்த முனியப்பன் கல்லும் வேலும்கூடப் பாதி புதைந்துவிட்டன.

இசபெல்லா வீட்டுக்குப் போகும் முன் அந்தப் பக்கம்தான் போனாள். குழி இருந்த இடம் இப்போது வெளுத்த சமவெளி. கண் கூசியது. ஒரு காக்கை இல்லை, ஓணான் இல்லை. ஓரத்தில் மட்டும், கொட்டாய்க்குத் தண்ணீர் தருகிற கிணற்றடியில் நீர் கசிகிற இடத்தில், கரும்பச்சையாகக் கோரைப் புல் செழித்துக் கிடந்தது. அந்த வருஷம் வேறெங்கும் அப்படியொரு பச்சையை அவள் பார்க்கவில்லை.

காற்று கிளம்பியது. சமவெளியின் நடுவில் சாம்பல் சுருண்டு எழுந்து, ஓர் ஆள் உயரத்துக்கு நின்றது. நின்றபடியே கொஞ்ச தூரம் நகர்ந்தது. பிறகு அதற்குப் பக்கத்தில் இன்னொன்று எழுந்தது. இரண்டும் கிணற்றைப் பார்த்து மெள்ளப் போவதுபோல் போய், ஓரத்துக்கு வந்ததும் உதிர்ந்துவிட்டன. சுழற்காற்று என்று இசபெல்லாவுக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டடி பின்வாங்கினாள்.

"அங்க நிக்காத பாப்பா!" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது.

பக்கத்து வீட்டுத் தீர்த்தம்மாள். ஐம்பதைத் தாண்டிய, வாட்டசாட்டமான மனுஷி. அவள் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசினாள். பின்னாலேயே வந்த சவரியும் தோள்துண்டால் வாயை மூடியிருந்தான்.

"எதுக்கு எல்லாரும் வாயப் பொத்தறீங்க?" என்றாள் இசபெல்லா.

சவரி தீர்த்தம்மாளைப் பார்த்தான். அவள்தான் சொன்னாள்.

"எங்க மூச்சு நாறுதாம். பூண்டு வாசமாம். எங்களுக்குத் தெரியல. வெளியாளுங்கதான் சொல்றாங்க. பஸ்ல ஏறுனா கண்டக்டரு பின்னாடிப் போவச் சொல்றாரு. மொதல்ல என்னாடா இது, நேத்துக் கொழம்புல போட்டதுதானேன்னு நெனச்சம். அப்பறம் பூண்டு வாங்கறதையே வுட்டாச்சு. கொட்டாயில ஒரு வூட்லயும் பூண்டு கெடையாது. ஆனாலும் போவல. நாளுக்கு நாள் ஏறுதாம்."

"தீர்த்தமலைப் பக்கத்துலேர்ந்து ஒரு சாமியாடியக் கூட்டியாந்தாங்க" என்றான் சவரி. அவன் வேதக்காரன், இருந்தாலும் குரல் தாழ்ந்திருந்தது. "முனி எறங்கிச் சொல்லிச்சு பாப்பா. நானும் நின்னு கேட்டன். 'என் வாயில மண்ணப் போட்டு அடச்சிட்டீங்கடா, இனிமே உங்க வாயில மூச்சு வுடறன்'னு சொல்லிச்சு."

தீர்த்தம்மாள் ஓரடி முன்னால் வந்து, கையை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டாள்:

"நீ டவுன்லேர்ந்து வந்தவ. நெசத்தச் சொல்லு. உனுக்கு அடிக்குதா?"

இசபெல்லா மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஆட்டுப் புழுக்கை வாசம், வெயிலில் காய்ந்த புல் வாசம், அண்ணனின் வியர்வை. வேறொன்றும் இல்லை.

"கைய எடுங்க தீர்த்தக்கா. ஊதுங்க."

தீர்த்தம்மாள் ஊதினாள். சவரியும் ஊதினான்.

"ஒண்ணும் அடிக்கல" என்றாள் இசபெல்லா. "ஒருத்தர் சொல்ல ஒருத்தர் சொல்லி, நீங்களே பயந்துக்கிட்டிருக்கீங்க."

தீர்த்தம்மாளின் முகம் மலர்ந்ததே, அதை இசபெல்லாவால் பிறகு மறக்கவே முடியவில்லை. "அடிக்கலயாம்டி, போயிடுச்சாம்!" என்று கத்திக்கொண்டே அவள் வீட்டுப்பக்கம் ஓடினாள். அன்று சாயங்காலம் வரைக்கும் கொட்டாயில் எல்லாரும் வாயைத் திறந்து பேசினார்கள். யாரோ கேசரி கிண்டினார்கள்.

ஆனால் குளம்பு கழன்றதை யாரும் பயத்தில் கற்பனை செய்ய முடியாது. தீர்த்தம்மாளின் மருமகள் அமுதவல்லியின் தலையையும்தான். முக்காடு போட்டு உள்ளறையில் உட்கார்ந்திருந்தவள் இசபெல்லாவைக் கண்டதும் அதை விலக்கினாள். திட்டுத்திட்டாக மயிர் போன தலை. விரல்களில் நகம் வெளுத்து, அடியிலிருந்து எழும்பி நின்றது. வயிற்றில் ஐந்து மாதம்.

"உதுந்த முடிய அத்த ஒரு துணியில கட்டி முனிவேலுல தொங்கவுட்டுட்டாங்க அக்கா. அத எடுக்கக் கூடாதாம். டெஸ்டுக்கு வேணும்னா இத எடுத்துக்குங்க" என்று சொல்லி, காதோரம் மிச்சமிருந்த முடியைப் பிடித்து இழுத்தாள். ஈர மண்ணிலிருந்து நாற்று வருவதுபோல் அது கையோடு வந்தது.

"வலிக்கலயா?" என்றாள் இசபெல்லா.

"இல்லக்கா. அதான் பயமா இருக்குது."

சாம்பல், கிணற்றுத் தண்ணீர், கோரைப்புல், சவரியின் மாட்டு வால்மயிர் இவற்றோடு அந்தக் குளம்பையும் முடியையும் சேர்த்துத் தனித்தனிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு இசபெல்லா தர்மபுரி திரும்பினாள். ஆடுகளைப் பார்த்த கால்நடை டாக்டர், கோமாரி நோய் இல்லை என்று முதலிலேயே சொல்லியிருந்தாராம். வாயில் ஒரு கொப்புளமும் இல்லை, இது என் கைக்கு அடங்காத வேறென்னவோ, தண்ணியைப் பாருங்கள் என்று அவர்தான் சவரியைத் தூண்டியவர்.

பரிசோதனைக் கூடத்தின் முதலாளி சந்திரமோகன் நல்ல மனிதர். கொரோனாவுக்குப் பிறகு மூக்கு மரத்துப்போய், ஆசிட் புகைக்கும் அகர்பத்திப் புகைக்கும் வித்தியாசம் தெரியாமல் வாழ்கிறவர். வாடிக்கையாளர்கள் பாதிப்பேர் சாம்பல் வியாபாரிகள்தான் என்றாலும், விஷயத்தைக் கேட்டதும், "பண்ணுங்கம்மா, மெஷின் சும்மாதானே கெடக்குது" என்றார்.

வழக்கமான மூன்றையும் பார்த்தாள். ஆர்செனிக், ஈயம், குரோமியம். பயப்படும்படி ஒன்றும் இல்லை. இரண்டு நாள் யோசித்தாள். மயிரும் குளம்பும் உதிர வைப்பது எது என்று பழைய பாடப்புத்தகங்களைப் புரட்டியபோது ஒரு பெயர் வந்து நின்றது. செலினியம். அதோடு அந்தப் பக்கத்தில் இன்னொரு வரியும் இருந்தது. செலினியம் மிஞ்சிய உடம்பு அதை மூச்சில் வெளியே தள்ளும், அந்த மூச்சில் பூண்டு வாசம் அடிக்கும் என்று. இசபெல்லா புத்தகத்தை மூடிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தானே மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தாளே. அடிக்கவில்லையே.

இருந்தாலும் செலினிய விளக்கை எடுத்தாள். அவர்கள் மெஷினில் ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு விளக்கு உண்டு. செலினியத்தைப் பார்க்கச் சொல்லி யாரும் கேட்டதில்லையாதலால் அது வாங்கிய பெட்டியிலேயே தூசி படிந்து கிடந்தது. அமிலத்தில் கரைத்த மாதிரியிலிருந்து செலினியத்தை வாயுவாகக் கிளப்பிச் சூடான கண்ணாடிக் குழாய்க்குள் அனுப்ப வேண்டும். குழாயின் ஒரு முனையிலிருந்து விளக்கின் ஒளி பாயும். உள்ளே செலினியம் இருந்தால் அது தன்னுடைய ஒளியைத் தானே விழுங்கும். வேறெந்தத் தனிமமும் அந்த ஒளியைத் தொடாது. எவ்வளவு ஒளி குறைகிறதோ அவ்வளவு செலினியம். விளக்கு ஊதாவாக மினுங்குவது தெரியும். ஆனால் விழுங்கப்படுகிற அந்த ஒளி மனிதக் கண்ணுக்குத் தெரிகிற ஒளியே இல்லை.

சாம்பலில் இருந்தது. அது ஆச்சரியமில்லை. கிணற்றுத் தண்ணீரில், குடிதண்ணீருக்குச் சொல்லியிருக்கிற அளவைப்போலப் பல மடங்கு இருந்தது. கோரைப்புல்லை ஏற்றியதும் திரையில் கோடு சட்டென்று மேலே போனது. மழை சாம்பலைக் கரைத்துக் கிணற்றில் விட்டிருக்கிறது, புல் அதை உறிஞ்சிச் சேர்த்து வைத்திருக்கிறது, ஆடு அதைத் தின்றிருக்கிறது. படி படியாக ஏறியிருக்கிறது. அமுதவல்லியின் முடியை ஏற்றியபோது கோடு அளவுக்கோட்டுக்கு மேலே போய் நின்றுவிட்டது. தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்து மறுபடி வைத்தாள். அப்போதும் உச்சிக்கே போனது.

நோயில்லாத ஒருவரின் முடியோடு ஒப்பிட்டால்தான் கணக்கு முழுமையாகும். இசபெல்லா கத்தரிக்கோலை எடுத்துத் தன் பின்னலின் நுனியிலிருந்து கொஞ்சம் வெட்டி, கழுவி, கரைத்து ஏற்றினாள். டீ குடிக்கப் போய்விட்டு வந்து திரையைப் பார்த்தாள்.

அவள் முடியும் ஒளியை விழுங்கியிருந்தது.

அமுதவல்லி அளவுக்கு இல்லை. ஆனால் சாதாரண ஆளின் முடியில் இருக்கக்கூடிய அளவும் இல்லை. குழாயில் பழைய மாதிரியின் மிச்சம் ஒட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். குழாயை ஆசிடில் ஊறவைத்தாள். வெறும் தண்ணீரை ஓட்டினாள், கோடு தரையோடு படுத்துக்கிடந்தது. தலையின் மறுபக்கத்திலிருந்து, வேர்க்காலை ஒட்டி வேறு முடி வெட்டினாள். கோடு எழுந்தது. முன்பைவிடக் கொஞ்சம் உயரமாக. வேர்ப்பக்கம் என்பது புதிதாக வளர்ந்த முடி.

"சார், உங்க முடி கொஞ்சம் வேணும்" என்று சந்திரமோகனின் அறைக்குப் போய் நின்றாள்.

"இருக்கறதே கொஞ்சந்தானேம்மா" என்று சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்தவர், அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அவருடைய முடியை ஏற்றினார்கள். இருவரும் நின்று திரையைப் பார்த்தார்கள். கோடு லேசாக மேடு தட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது. எல்லா மனிதரிடமும் இருக்கிற அளவு. மெஷினில் தப்பில்லை.

இசபெல்லா வெளியே வந்து, பைக் நிறுத்துகிற இடத்தில் நின்று விக்டருக்குப் போன் செய்தாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கறன். மறைக்காம சொல்லுங்க. எம்மேல பூண்டு வாசம் அடிக்குதா?"

மறுமுனையில் கம்பெனி இரைச்சல் மட்டும் கேட்டது.

"ஏங்க?"

"அடிக்குது" என்றார் விக்டர்.

"எவ்ளோ நாளா?"

"பொங்கலுக்கு அப்பறமா... சரியாத் தெரியல. மொதல்ல சமையல்னு நெனச்சேன். அப்பறம் லேப்ல ஏதோ கெமிக்கல்னு நெனச்சேன். தூங்கும்போது உம் மூச்சுல வரும். தலையணையில இருக்கும். உங்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு..." அவர் நிறுத்திக்கொண்டார். "ஏம்மா, என்னாச்சு?"

சின்னப்பன் கொட்டாயில் தனக்கு ஏன் ஒன்றும் அடிக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவர்களில் ஒருத்தியாகத்தான் அவள் அங்கே போய் நின்றிருக்கிறாள்.

வீட்டுக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்தாள். காலையில் வந்த தூக்குப் பால் ஏடு கட்டியிருந்தது. கீழே அண்ணன் கையால் கட்டின கீரைக்கட்டு, ஈரம் காயாமல். கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சி வளர்த்த கீரை. அந்தப் புல் தின்ற மாட்டின் பால். காப்பியாகவும் தயிராகவும் தினம் தினம் குடித்திருக்கிறாள். விக்டர் கடுங்காப்பி ஆள், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி தவிர வேறு கேட்காதவர், தப்பித்தார். மோனிஷா ஹாஸ்டலில் இருந்தது கடவுள் புண்ணியம். இசபெல்லா பாலைக் கழுவுதொட்டியில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டாள். பிறகு கண்ணாடி முன்னால் நின்று தன் உள்ளங்கையில் ஊதி ஊதி முகர்ந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. தன் வாய் வழியாக வேறு யாரோ மூச்சு விடுவதுபோலவும் தனக்கு மட்டும் அது கேட்காததுபோலவும் தோன்றியது. அன்று முழுக்க வாயைத் திறக்கவே கூசினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் விக்டரையும் கூட்டிக்கொண்டு கொட்டாய்க்குப் போனாள். வேப்பமரத்தடியில் எல்லாரும் கூடினார்கள். இந்த முறை யாரும் வாயைப் பொத்தவில்லை. அடிக்கவில்லை என்று அவள்தான் சொல்லியிருந்தாளே. கிட்டே வந்து கையைப் பிடித்து, "வாங்க மாப்ள" என்று சவரி வாய்நிறையச் சொன்னபோது, விக்டர் அறியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான். கூட்டத்தின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. கைகள் ஒவ்வொன்றாக வாய்க்குப் போயின.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பு" என்றாள் இசபெல்லா. "எம் மூச்சுலயும் அதான் இருக்குது. அதான் எனக்குத் தெரியல. முனியும் இல்ல ஒண்ணும் இல்ல. சாம்பல்லேர்ந்து எறங்கி, தண்ணில கலந்து, உள்ள போயிருக்குது. அதுக்கு செலினியம்னு பேரு. இன்னியிலேர்ந்து அந்தக் கெணத்துத் தண்ணி வேணாம். அங்க மாடு மேய வேணாம். பால், கீரை ஒண்ணும் வேணாம். நிறுத்துனா தானா எறங்கும்."

"மருந்து?" என்றது ஒரு குரல்.

"மருந்து கெடையாது. நிறுத்தறதுதான்."

தீர்த்தம்மாள் வாயிலிருந்து கையை எடுத்தாள். "பேரு கண்டுபுடிச்சிட்ட, சரி. அது கண்ணுக்குத் தெரியாதுன்ற, உள்ள பூந்துக்கும்ன்ற, நம்ம மூச்சுலயே வரும்ன்ற. அப்ப நாங்க சொன்னதும் அதுதானே பாப்பா?"



சவரி எதுவுமே கேட்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு கட்டுத்தறியில் மாட்டின் கழுத்தில் கைவைத்து நின்றுகொண்டிருந்தான். மாட்டின் வால் நுனியில் மயிர் இல்லாமல் எலும்பு மாதிரித் தெரிந்தது. தங்கை கிட்டே வந்ததும் சொன்னான்:

"தெனமும் கறந்ததும் மொதல்ல உனக்குத்தான் ஊத்துவன் பாப்பா. அப்பறந்தான் எங்களுக்கு. நல்லதா இருக்கட்டும்னு நொரையோட..." மாட்டின் கழுத்தைத் தடவினான். "எங் கையால உனக்கு நானே வெஷத்தக் குடுத்திருக்கன்."

"அண்ணா, உனக்குந்தானே தெரியாது."

"தெரியாதுதான்" என்றான். அன்றைய பாலைக் குப்பைமேட்டில் ஊற்றினான். பூனை ஓடி வந்தது. கல்லெடுத்து விரட்டினான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மெதுவாக நடந்தது. கொட்டாய் சனம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் போய் உட்கார்ந்தது. அமுதவல்லி முக்காட்டை எடுத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். பத்திரிகைக்காரர்கள் அவளைப் படம் எடுத்தார்கள். சென்னையிலிருந்து ஒரு குழு வந்து புதிதாக மாதிரி எடுத்துப்போய், இசபெல்லா சொன்னதையே சொன்னது. கிணற்றுக்கு இரும்பு வலை போட்டுப் பூட்டினார்கள். டேங்கரில் தண்ணீர் வந்தது, பிறகு ஒகேனக்கல் குடிநீர்க் குழாய் கொட்டாய்வரை இழுக்கப்பட்டது. காண்ட்ராக்டரின் போன் கடைசிவரை எடுக்கப்படவில்லை. அவ்வளவு சாம்பலையும் அள்ளி எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. மேலே களிமண் போட்டு மூடி, சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள். முனியப்பன் கல்லை மட்டும் தோண்டி எடுத்து வேலிக்கு வெளியே நட்டுப் பொங்கல் வைத்தார்கள். இரண்டு குடும்பங்கள் இனி இங்கே இருக்க மாட்டோம் என்று பாப்பாரப்பட்டிப் பக்கம் போய்விட்டன.

ஆடுகள் பாதிக்கு மேல் செத்தன. பிழைத்தவற்றுக்குக் குளம்பு முளைத்தது, கோணல்மாணலாக. மனிதர்களுக்கும் நகம் முளைத்தது. இசபெல்லாவின் நகங்களில் குறுக்கே ஒரு வெள்ளை வரி விழுந்திருந்ததை அவளே அப்போதுதான் கவனித்தாள். அது மாதாமாதம் நுனியை நோக்கி நகர்ந்தது. ஒரு நாள் நகவெட்டியில் வெட்டி எறிந்தாள். விக்டர் சனிக்கிழமைகளில் வந்ததும், அவள் கேட்காமலே, கிட்டே வந்து முகர்ந்து பார்த்து "கொறஞ்சிருக்கு" என்பார். அந்த வார்த்தைக்காக வாரம் முழுக்கக் காத்திருப்பாள். ஒரு சனிக்கிழமை, "இல்ல" என்றார். இசபெல்லா உட்கார்ந்து அழுதாள்.

அமுதவல்லிக்குத் தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் பிரசவம். பெண் குழந்தை. பார்க்கப் போன இசபெல்லாவிடம் தீர்த்தம்மாள் குழந்தையை நீட்டினாள். "எங்க மூக்க நம்ப முடியல. நீ மோந்து பாத்துச் சொல்லு பாப்பா" என்றாள். இசபெல்லா தயங்கினாள். ஒருமுறை தப்பாகச் சொன்னவள். விக்டரைக் கூப்பிட்டாள். அவர் அந்தச் சின்ன வாயருகே குனிந்து, கண்ணை மூடி, நெடுநேரம் அப்படியே இருந்தார். வார்டில் இருந்த மற்றப் பெண்கள் இதென்ன விபரீதம் என்று பார்த்தார்கள்.

"பால் வாசந்தான்" என்றார்.

சவரி மாடுகளை விற்கவில்லை. இன்னொருவன் வீட்டுக்குப் போய் அவன் பிள்ளை குடிக்குமே என்றான். பாலைக் கீழே ஊற்றிக்கொண்டே, வெளியிலிருந்து வைக்கோல் வாங்கிப் போட்டு வளர்த்தான். கால்நடை டாக்டரும் இசபெல்லாவும் பாலைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகும் தங்கைக்கு அவன் பால் அனுப்பவில்லை. அவளும் கேட்கவில்லை.

மாதம் ஒரு தடவை இசபெல்லா கொட்டாய்க்குப் போய், வேலிக்கு வெளியே நாலு பக்கமும் போட்டிருக்கிற போர்க்குழாய்களில் தண்ணீர் பிடித்து வருவாள். சந்திரமோகன் அதற்கென்று செலினிய விளக்கை மெஷினிலேயே விட்டு வைத்திருக்கிறார். களிமண் போட்ட பிறகு அளவு மாதாமாதம் இறங்கி வந்தது. இந்த ஐப்பசி மழை முடிந்து கிழக்குக் குழாயில் எடுத்த தண்ணீரில் அது கொஞ்சம் ஏறியிருந்தது. குழாயைக் கழுவி மறுபடி வைத்தாள். அதே அளவு.

சவரிக்குப் போன் செய்து சொன்னாள்.

பின்னால் மாடு கத்துகிற சத்தம் கேட்டது.

"எந்தப் பக்கமா நகருது பாப்பா?"

"கெழக்க, கொட்டாயப் பாத்து."

"சரி. காலையில ரெண்டு மாட்டையும் ஓட்டிக்கினு ரோட்டுக்கு அந்தாண்ட போயிடறன்" என்றான். "நீ மத்த வூடுங்களுக்கும் ஒரு போனப் போட்டுச் சொல்லு."

தீர்த்தம்மாளின் நம்பரைத் தேடிக்கொண்டே இசபெல்லா அந்த விளக்கை அணைத்தாள்.